வெறுங்கண்ணாடி மூலை

எங்கள் ஆய்வுகூடத்தில் தனுஷிகாவின் கைக்கு நிகரான கை இல்லை. அவள் கண்ணாடித் தகட்டில் பிரைமர்களை ஒட்டவைத்தால் எத்தனை முறை கழுவினாலும் கழலாது. பிரைமர் என்பது ஒரு நுனியால் கண்ணாடியைப் பற்றி நிற்கும் சிறு டிஎன்ஏ இழை. கடல்நீரில் தனக்குப் பொருந்தும் மீனின் டிஎன்ஏ வந்தால் அதைப் பிடித்து அங்கேயே பெருக்கும். அந்த இடம் ஒளிரும். பருத்தித்துறைக் கடலில் எந்த மீன்கள் மிஞ்சியிருக்கின்றன என்று இப்படித்தான் அறிகிறோம்.

ஒவ்வொரு தகட்டிலும் ஒரு மூலையை வெறுமையாக விடுவோம். அங்கே பிரைமர் இல்லை, எதுவும் பெருக முடியாது. ஒளிர்ந்தால் சோதனையே பிழை.

தனுஷிகாவின் அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பாத மாதத்திலிருந்து அந்த மூலை ஒளிர்கிறது. சோதனை இரசாயனங்களை மாற்றினேன், இயந்திரத்தை மாற்றினேன். நானே ஒரு தகடு செய்தேன். மூலை இருண்டே கிடந்தது, என் பிரைமர்களில் பாதி கழுவலோடு போயின.

"மூலையை வெறுமையா விடாமல் செய்து பாப்பமே, தனு?"

"வேண்டாம் அக்கா. கடலுக்குப் போன ஆளுக்குச் சோறு எடுத்து வைக்காமல் எங்கடை வீட்டிலை சட்டி கழுவுறேல்லை."

இன்று காலை அவள் புதுத் தகட்டை இயந்திரத்தில் வைத்தாள். கடல்நீர் இன்னும் விடவில்லை. மூலை ஒளிர்ந்தது.

"வந்திட்டார்," என்றாள். கையுறையை மாற்றிக்கொண்டு அடுத்த தகட்டை எடுத்து, மூலையைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டாள்.