மதிவாணன் உட்காரும் இடம்

கும்மிடிப்பூண்டி பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஹேமாவதி நூலகர். பழவேற்காடு ஏரியில் மீன் ஏன் குறைகிறது என்று ஆராய்ச்சி செய்த மதிவாணனுக்கு, கட்டுரைகளைத் தேடவும் எதை நம்பலாம் என்று சரிபார்க்கவும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள்.

எளாவூர் அருகே லாரி மோதி அவன் இறந்துபோனான். ஹேமாவதி அவன் ஊருக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் காலையில் அவன் வழக்கமான கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தான்.

"மேடம், நான் கேட்ட கட்டுரை கெடச்சிதா?" என்றான்.

அவனுடைய நூலகக் கணக்கைக் கல்லூரியில் மூடியிருந்தார்கள். அவள் தன் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதன் பிறகு தினமும் வந்தான், தினமும் கொடுத்தாள். வேறு யார் கண்ணுக்கும் அவன் படவில்லை.

ஒருநாள் அவனுடைய அம்மா அஞ்சம்மாள், வீட்டில் கிடந்த நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தர வந்தாள்.

"எம்புள்ள எங்கம்மா குந்திக்கினு படிப்பான்?" என்று கேட்டாள்.

ஹேமாவதி கையைக் காட்டினாள். அஞ்சம்மாள் அங்கே போய் நாற்காலியின் முதுகைத் தடவித் தடவி அழுதாள். இப்போதாவது அவன் நிமிர்ந்து பார்ப்பான் என்று ஹேமாவதி காத்திருந்தாள். அந்தக் கை படாதபடி அவன் தோளை ஒதுக்கிக்கொண்டான்.

அஞ்சம்மாள் வெளியே போனதும் மெதுவாகக் கேட்டான்.

"பாவம், யாரு மேடம் அந்தம்மா?"

பதிலுக்குக் காத்திராமல் அவன் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டான்.