நிமிடத்துக்கு நூறு ரூபாய்

ஆழ்கடலுக்குப் போனவர்களுடன் வீட்டாரைச் சாட்டிலைட் போனில் பேசவைத்துப் பிழைத்தவன் கிளீட்டஸ். நிமிடத்துக்கு நூறு ரூபாய். துறைமுகத்தில் எதிரே புதுக்கடை வந்து நாற்பதுக்குக் கொடுத்ததும் எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். மெற்றில்டா மட்டும் தினமும் இவனிடமே வந்தாள். அவள் புருஷன் போன படகு புயலில் மூழ்கி எட்டு மாதமாகிறது. பாவம், போனைச் சும்மா காதில் வைத்து மனசை ஆற்றிக்கொள்கிறாள் என்று நினைத்திருந்தான்.

“இன்னையோட கடைய மூடுறேன். நீயும் அங்க போம்மா, ரேட்டு கம்மி,” என்றான்.

“போய்ப் பார்த்தேன் அண்ணே. அங்கேருந்து போட்டா அவரு எடுக்கல்ல.”

மூழ்கிய படகின் எண்ணை அவள் அழுத்தி, கடை மூடும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு போனை அவனிடம் நீட்டினாள்.

“உங்ககிட்ட பேசணுமாம்.”

திரையில் அழைப்பின் வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. கிளீட்டஸ் அதை மெல்லக் காதில் வைத்தான்.