பழைய எஞ்சினுக்குச் சாமான்

நல்லேப்பிள்ளி மாரப்பனுக்கும் அவர் தம்பிக்கும் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கப் போட்டிக்கு வாங்கிய ஆயில் எஞ்சின் மட்டும் ஒரே கம்பெனி. நெல் பால் பிடிக்கும் நேரத்தில் இரண்டும் படுத்துக்கொண்டன.

"கம்பெனி இனி கரண்ட் மோட்டார்தானுங்க பண்ணும். பழசுக்குச் சாமான் வராதுங்க," என்றார் கடைக்காரர்.

"எங்க வயலுக்குக் கரண்டே வரலீங்களே!"

மாரப்பனுக்கு வேண்டிய பிஸ்டன் தம்பி எஞ்சினில் நன்றாகவே இருந்தது. தம்பிக்கு வேண்டிய, எஞ்சினுக்குள் டீசலைச் செலுத்தும் பம்பு இவருடையதில். போய்க் கேட்பாரா மனுஷன்? அவன் கேட்டு வந்தாலும் கிடைக்கக்கூடாதென்று, பம்பைச் சம்மட்டியால் நொறுக்கிவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தார்.

வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. தம்பி பெண்டாட்டி கமலாத்தாள் இறங்கினாள்.

"மாமா, எங்க எஞ்சினைக் கொண்டாந்திருக்கறனுங்க. உங்க பம்பை மாட்டுனா ஓடுமாமுங்க. உங்க நெல்லாச்சும் பொழைக்கட்டும்னு அவுங்கதான் அனுப்புனாங்க."