விசில் மாஸ்டரின் தோள்

தோள்மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு, ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் வீட்டில் ஒரு வேளைகூடப் பயிற்சி தவறவில்லை. கழுத்தில் விசிலும் கையில் கடிகாரமுமாக மாஸ்டர் எண்ணுவார்.

“சுவத்துல விரல் மேல ஏறட்டும். ஏழு… எட்டு…”

“கை கழண்டுடும்போல இருக்குங்க,” என்றாள் மனைவி.

“டாக்டர் பத்துன்னா பத்துதான். விட்டா தோள் இறுகிடும்.”

ஆறாவது வாரம் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்டிடம் மனைவியின் கையைப் பெருமையோடு உயர்த்திக் காட்டினார் மாஸ்டர். அது காதை ஒட்டி நின்றது.

“அம்மா கை பிரமாதம். ஆபரேஷன் உங்களுக்குத்தானே சார்? உங்க கையைத் தூக்குங்க.”

மாஸ்டரின் கை இடுப்பைத் தாண்டவில்லை.

“முப்பது வருஷமா நான் எண்ணுவேன், அடுத்தவங்க செய்வாங்க,” என்று முனகினார்.

மனைவி அவர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

“ஒண்ணு,” என்றாள்.