ராசாவில் குழாய்த் தண்ணீர்

வெளிக்கதவைத் திறந்த கமலாதேவியின் முன்னால் தாயம்மா பையின் வாயை விரித்துக் காட்டினாள். பிறகு இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

“என்னம்மா இது? நான் என்ன பொலிஸோ? கையைக் கீழ போட்டிட்டு உள்ளுக்கு வாங்கோ.”

தாயம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் இருக்கும் ரப்பர் தோட்டத்து முள்கம்பி வாசலில் போகும்போதும் வரும்போதும் சோதனை. ஒரு பிடி அரிசி வெளியே போனாலும் காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று அவசரகாலச் சட்டம். தொட்டில் பழக்கம்தான் சுடுகாடு வரைக்கும் வரும் என்பார்கள். இரண்டு வருஷத்துப் பழக்கம் பஸ் ஏறி ராசா என்ற இந்த ஊர் வரைக்கும் வந்துவிட்டது.

வந்தது வீடு பார்க்க. புருஷன் சன்னாசிக்குச் சிரம்பானில் ரயில் பாதை வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வருகிறேன், இல்லை என்று சனிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். போவதென்றால் குடியிருக்க, சிரம்பானை ஒட்டிய ராசாவில் இந்தக் கிராணியார் வீட்டுப் பின்கட்டுதான்; அந்தக் கணக்குப்பிள்ளையின் மனைவிதான் கமலாதேவி.

“நீ போய்ப் பாரு. ஊரு நமக்கு ஒத்து வருமான்னு நீ சொல்றதுதான்” என்று அவளை அனுப்பிவிட்டான்.

அவன் அப்படித்தான். போன மாதம் லுக்குட் கடைத்தெருவில் பால்வெட்டுக் கத்தி வாங்கி வருகிறேன் என்று விடியக் கிளம்பி, பொழுது சாய வெறுங்கையோடு வந்து நின்ற மனுஷன். ஒரு கத்தி வாங்கத் துப்பில்லாதவனை நம்பி வீடு பார்க்க அனுப்ப முடியுமா?

குறை கண்டுபிடிக்கத் தாயம்மாவை விட்டால் ஆள் கிடையாது. தன் கல்யாணத்தில், மாலையும் கழுத்துமாக உட்கார்ந்துகொண்டே, சாம்பாரில் புளி தூக்கல் என்று சொன்னவள்.

அவளுக்கே இன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

சிமெண்டுத் தரை. ஒழுகாத கூரை. வேலி என்றால் செம்பருத்தி வேலி. அதற்கு மேலே கையை நீட்டிப் பக்கத்து வீட்டு மாரியம்மா, யார் எவர் என்று கேட்காமலே, ஒரு பிடி முருங்கைக்கீரை கொடுத்தாள். கோயில் மணி வீட்டுக்குள்ளேயே கேட்டது. தெருவில் போகிறவர்களை நிறுத்தி ஒருவரும் பெயர் கேட்கவில்லை.

குழாயைத் திருகி ஒரு சொம்பு குடித்தாள். நம்ப முடியாமல் இன்னொரு சொம்பு குடித்தாள். இளநீர் கெட்டது போ.

இப்படி ஓர் இடத்தில் கையை வீசிக்கொண்டு நடக்கத்தானே இத்தனை நாள் ஏங்கினாள். ஆனாலும் ஏதாவது ஒரு குறை, ஒரு சின்னக் குறை இருக்கக் கூடாதா என்று அவள் மனம் கிடந்து தவித்தது.

“எத்தனை பேர் இருப்பியள்?” என்று கமலாதேவி கேட்டாள்.

“மூணு பேரு” என்று வாய் சொல்லிவிட்டது. கொஞ்சம் பொறுத்து, “இங்க வாசல்ல யாரு யாரு இருக்காங்கன்னு பேரு எழுதி வைப்பாங்களாம்மா?” என்று கேட்டாள்.

கமலாதேவி சிரித்தாள். அந்தத் தொல்லையெல்லாம் இங்கே கிடையாது என்றாள்.

தாயம்மா சிரிக்கவில்லை. கீரையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

தோட்டத்து வாசலில் பையைத் திறந்தாள், கையைத் தூக்கினாள். புதிதாக வந்த கிராணி பேரேட்டில் விரலை ஓட்டி உரக்கப் படித்தான்.

“மூணாம் லயம், ஏழாம் வீடு. சன்னாசி, தாயம்மா, முனியாண்டி. முனியாண்டி யாரு? நான் பார்த்ததே இல்லியே?”

“எம் மவன். வருவான்.”

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பட்டாளம் வந்து எல்லாரையும் திடலில் வரிசையாக நிற்க வைத்தது. ஆள் காட்ட, கோணிப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு வந்த ஒருத்தன் முனியாண்டிக்கு நேராகத் தலையை ஆட்டினான். விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்று லாரியில் ஏற்றினார்கள். அதற்கப்புறம் ஒரு சேதியும் இல்லை.

அவன் பெயரை மட்டும் அடித்துவிடாதீர்கள் என்று பழைய கிராணியின் காலைப் பிடித்து அழுதிருக்கிறாள். குடும்பம் தோட்டத்தை விட்டுப் போனால் அந்த வீட்டுப் பெயர்கள் மொத்தமும் போய்விடும். பேரேட்டில் பெயர் இல்லாதவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தேடிக்கொண்டு வர, ராசா அவனுக்குத் தெரிந்த ஊரும் இல்லை. அவனுக்கு அங்கே யாரைத் தெரியும்?

வீட்டு வாசலில் சன்னாசி குந்தியபடி பழைய கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

“எப்படி இருக்கு ஊரு?”

தாயம்மா கீரையை எடுத்து முறத்தில் போட்டாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“எல்லாம் சரிதாங்க. தண்ணிதான் ஆவாது. ஒரே உப்பு, வாயில வைக்க முடியல.”

இருபத்தைந்து வருஷத்தில் புருஷனிடம் அவள் சொன்ன முதல் பொய்.

சன்னாசி கத்தியின் முனையைக் கட்டைவிரலில் தடவிப் பார்த்தான். தலை நிமிரவில்லை.

“ஆமா. போன மாசம் நான் ராசாவுக்குப் போனப்பவும் உப்பாத்தான் இருந்திச்சு.”