விச்சியன் அண்ணனின் அட்டைகள்

ஒரு கையில் சிதையில் வைக்கிற சந்தனப்பூவையும் இன்னொரு கையில் புத்தகத்தையும் திணித்துவிட்டு, "வரிசையில நில்லுங்க பாட்டி" என்றாள் விகாரை வாசலில் நின்ற பெண்.

பாட்டியாம். இவளுக்கு மட்டும் வயசே ஆகாதா என்ன.

பாங்காக்கில் எரிக்கும் நாளன்று வருகிறவர்களுக்கு, இறந்தவர் நினைவாக ஒரு புத்தகம் உண்டு. பெரும்பாலும் பிரார்த்தனைப் பாட்டு இருக்கும், நாலு சமையல் குறிப்பு இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் போட்டுவிடுவோம்.

விச்சியன் அண்ணனின் புத்தகம் முழுக்கப் படங்கள். பின்னே எப்படி இருக்கும்?

கையெழுத்தில்லாத படம் எதைக் காட்டினாலும் மனுஷன் மூக்கைப் பார்ப்பார், விரலைப் பார்ப்பார், வரைந்தவர் பெயரைச் சொல்லிவிடுவார். அட்டை கிழிந்துபோன புத்தகத்தையும் நாலு படத்தை வைத்தே இன்னதென்று சொல்வார். சொன்னதோடு விடமாட்டார். படத்தை ஒரு அட்டையில் ஒட்டி, வரைந்தவர் யார், கேட்டவர் யார், எந்தத் தேதி என்று கீழே எழுதிவைப்பார். அந்த அட்டைகளைத்தான் வரிசையாக அச்சடித்திருந்தார்கள்.

வரிசை நகரவேயில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது.

வேறு யாருக்காகவும் வந்திருக்க மாட்டேன். மேலே தகனமேடைப் படியில் கறுப்பு உடையில் நிற்கிறாளே அவர் மனைவி லம்யாய், அவள் முகத்தில் முழிக்கவே எனக்கு இஷ்டமில்லை.

ஒரு காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் மாணவர் விடுதியில் ஒரே அறை. குடியானவனை மிராசு ஏமாற்றும் கதைக்கு அவள் ராத்திரி பகலாகப் படம் போட்டாள். பெயரில்லாமல் அச்சாகிச் சந்தைகளில் இலவசமாகப் போன புத்தகம். அந்த அக்டோபரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இரண்டே நாளில் ஜீப்பில் வந்து அவளைக் கூட்டிப்போனார்கள். இரண்டு வருஷம் உள்ளே இருந்தாள்.

வரைந்தது அவள்தான் என்று தெரிந்தது அறைத்தோழியான எனக்கு மட்டும்தான். அதனால் காட்டிக்கொடுத்தவளும் நான்தான் என்று ஆகிவிட்டது. வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள். கூடப் படித்தவர்களில் என் கல்யாணத்துக்கு ஒரு ஈ காக்காகூட வரவில்லை.

நாற்பத்தேழு வருஷம். காறித் துப்பாத குறைதான்.

விச்சியன் அண்ணன் மட்டும் என்னை விடவில்லை. ஜெயிலுக்குப் போய்ப் போய்ப் பார்த்து அவளையே கட்டிக்கொண்டவர், வருஷா வருஷம் அவளுக்குத் தெரியாமல் என் தையல்கடைக்கும் வருவார். "நீ செஞ்சிருக்க மாட்டே சம்லீ. எனக்குத் தெரியும்" என்பார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூக்குப் போட்டுக்கொள்ளாமல் இருந்தேன்.

நின்றபடியே புரட்டிக்கொண்டு வந்தவள் அறுபத்துநான்காம் பக்கத்தில் நின்றேன்.

லம்யாயின் படம். சேற்று வயல், குடியானவன், அவன் எருமை. கீழே அண்ணனின் குண்டு குண்டான எழுத்து.

வரைந்தவர்: லம்யாய். கேட்டவர்: கர்னல். புத்த ஆண்டு 2519, அக்டோபர் 7.

மறுநாள்தான் ஜீப் வந்தது.

அட பாவி! உனக்குத் தெரியுமாம். தெரியாமல் எப்படி இருக்கும்? பழியைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு, அதற்கு ஆறுதல் சொல்லவும் நீயே வந்தாயா? நான் உனக்குக் காப்பி வேறு போட்டுக் கொடுத்தேனே.

வரிசையாவது மண்ணாவது என்று படியேறினேன்.

"பாத்தியாடி? என்னை எச்சில் இலையாட்டம் தூக்கி எறிஞ்சியே. காட்டிக்கொடுத்தவன் உன் வீட்டுலயே உக்காந்து சோறு தின்னிருக்கான். பார்த்துத்தான் அச்சடிச்சியா, இல்ல தெரியாமப் போட்டுட்டியா?"

லம்யாய் அழவில்லை. நாற்பத்தேழு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பார்த்துத்தான் போட்டேன். அவரோட பெட்டியத் திறந்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது. அந்த அட்டைக்கு மட்டும் பின்பக்கத்தையும் போட்டிருக்கேன். திருப்பு சம்லீ."

திருப்பினேன்.

'என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எருமைக் காதுக்குள் இருக்கும் மூன்று கோடுகளைக் காட்டிப் பெயர் சொன்னவர்: சம்லீ. நூடுல்ஸ் கடையில், சாப்பிடும்போது.'

சந்தனப்பூ கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை.

எத்தனையோ மதியம் அவரோடு அந்தக் கடையில் சாப்பிட்டிருக்கிறேன். இப்போதுதான் அந்த ஒரு மதியம் நினைவுக்கு வந்தது. கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு அந்தப் பக்கத்தை என் முன்னால் விரித்தார். "இது ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடவே இல்ல சம்லீ. நான் தோத்துட்டேன்" என்றார்.

விச்சியன் அண்ணனே தோற்றுவிட்டாராம்! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இதுகூடத் தெரியலையா? எங்க லம்யாய் தவிர வேற எவ காதுக்குள்ள இப்படி மூணு கோடு போடுவா?" என்றேன். அதோடு நிறுத்தினேனா? அவளைப் போல வரைய ஊரில் ஆளே கிடையாது என்ற பெருமையில், நேரில் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று விடுதியின் பெயரையும் எங்கள் அறை எண்ணையும் சேர்த்தே சொன்னேன்.