காலர் மைக்

ஆலையின் பாதுகாப்புப் படத்துக்கு நான் ஒலிப்பதிவு செய்கிறேன். பயிற்சிக்கு வந்தபின் தனியாகச் செய்யும் முதல் வேலை. வெள்ளை வெளிச்சத்தில் நின்று பாண்டிச்செல்வி அக்கா கேமராவிடம் சொல்கிறாள்: "லைன்ல நாங்க யாரும் நகை போடுறதில்ல." ஹெட்போனில், அவள் மூச்சிழுக்கும்போதெல்லாம், மைக்கில் ஏதோ மெல்ல உரசுகிறது. முதலில் வயரைச் சந்தேகிக்கிறேன், பிறகு என் காதை. சட்டைக்குள் அவள் மறைத்திருக்கும் தாலி அது. மோதிரத்தோடு வந்த பெண்ணைப் போன வாரம் வேலையைவிட்டு அனுப்பிய சூப்பர்வைசர் பகலவன் பக்கத்திலேயே நிற்கிறார். "இன்னாமா, சவுண்டு ஓகேவா? தூங்கிக்கினு கீறியா?" என்று டைரக்டர் கத்துகிறார். அக்காவின் கை காலரைப் பொத்துகிறது. "மைக்கைச் சரியா மாட்டல சார், என் தப்பு," என்கிறேன் நான். "அதானே பாத்தேன்! கிளாஸ்ல இன்னாதான் சொல்லிக் குடுத்தாங்க?" ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஓடிப்போய், முதுகால் எல்லோர் பார்வையையும் மறைத்து, தாலியை டேப்பால் நெஞ்சோடு ஒட்டுகிறேன். அக்காவின் தோல் சில்லிட்டிருக்கிறது. "பாத்து, தாயி," என்கிறாள் உதடசையாமல். திரும்பினால், என் ஹெட்போன் பகலவன் தலையில் இருக்கிறது. "நானும் கேக்குறேன், பேசச் சொல்லு." அக்கா மூச்சிழுக்கிறாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.